நூற்று முப்பத்தேழு சதுர மீட்டர்

மியூனிக், ஹைத்ஹவுசன்.
மூன்றாம் மாடி, ஐந்து அறை.
விருந்தில் இதைச் சொன்னால்
முள்கரண்டிகள் நின்றுவிடும்.
வாடகை எவ்வளவு என்று யாராவது கேட்பார்கள்.
வயதைச் சொல்வேன், எடையைச் சொல்வேன்,
அதைச் சொல்லமாட்டேன்.
கண் பட்டுவிடும்.

கையெழுத்துப் போட்ட நாளில்
பணம் இன்னும் மார்க்கில் இருந்தது.
கொர்பினியன் இரவல் டையில் வந்தான்.
நான் ஆறாம் மாதத்தைக்
கோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.
வீட்டுக்காரர் எங்களைப் பார்க்கவில்லை,
பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தார்.

விவாகரத்தாகி நான்கு வருடம்.
காரைப் பிரித்தோம், ஓய்வூதியத்தைப் பிரித்தோம்.
க்விரினின் பால்பற்கள் எனக்கு,
அவை இருந்த வெள்ளி டப்பா அவனுக்கு.
ஒப்பந்தம் மட்டும் பிரியவில்லை.
அதில் இரண்டு பெயர்,
யார் போனாலும் புதுத் தாள்,
புதுத் தாள் என்றால் புது வாடகை.
புது வாடகை என்றால்
இரண்டு பேரும் நடுத்தெரு.

ஆகவே
தெருப்பக்கத்து இரண்டு அறை அவனுக்கு,
முற்றத்துப் பக்கம் இரண்டு எனக்கு,
மகன் அறை யாருக்கும் இல்லை,
அங்கே துணி காய்கிறது.
நடுவில் பதினொரு மீட்டர் நடைக்கூடம்.
சமையலறை ஏழு மணியிலிருந்து எட்டரை வரை அவனுடையது.
எட்டரைக்கு மேல் நான் போகும்போது
அடுப்பு இன்னும் சூடாக இருக்கும்.
அதற்கு நன்றி சொல்வதா,
மின்கட்டணத்தில் கழிப்பதா?

போன செவ்வாய் ஒரு விளம்பரம்.
ஒரே அறை, முப்பத்தொரு சதுர மீட்டர்.
எங்கள் ஐந்து அறையைவிட
இருநூற்றுப் பத்து யூரோ அதிகம்.
யாரிடமும் சொல்லாமல் போனேன்.
வரிசை நான்காம் மாடியிலிருந்து
சைக்கிள் கொட்டகை வரை.
என் நீலக் கோப்பில்
சம்பளச் சீட்டு மூன்று, கடன் சான்றிதழ்,
சிரிக்கிற புகைப்படம்,
ஒரு கடிதம்: நாய் இல்லை, பியானோ இல்லை,
புகைப்பதில்லை, தனி ஆள்.
தனி ஆள் என்பதைக்
கோடு போட்டுக் காட்டியிருந்தேன்.

படிக்கட்டு வளைவில்
கம்பிகளுக்கு இடையே ஒரு ஜோடி பழுப்புக் காலணி.
இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்தது.
முப்பது வருடமாக
நான் பழுதுபார்க்கக் கொடுத்த குதிகால்.
அவன் கையிலும் நீலக் கோப்பு,
எங்கள் சமையலறை இழுப்பறையில் இருக்கும் அதே கட்டு.
குனிந்து பார்த்தான்.
ஒரே வீட்டில் திருடப்போய்
மோதிக்கொண்டவர்கள் மாதிரி
தலையசைத்தோம்.

முகவர் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும்.
பட்டியலில் விரல் ஓட்டினாள்.
"ரோஸ்விதா ஐஹிங்கர்... இதே முகவரியில் இன்னொருவரும் இருக்கிறாரே?"
"ஆமாம்."
"ஐந்து அறையை விட்டுவிட்டா
இந்தப் பொந்துக்கு வருகிறீர்கள்?"
பிறகு கதவைப் பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினாள்:
"காலி செய்வதாக இருந்தால்
முதலில் எனக்குச் சொல்லுங்கள்.
எனக்கும் வீடு இல்லை."

ஒரே டிராமில் திரும்பினோம்.
அவன் முன்பெட்டி, நான் பின்பெட்டி.
ஆற்றுப் பாலத்தில் வண்டி வளைந்தபோது மட்டும்
அவன் முதுகு தெரிந்தது.

இரவு ஒன்பதரை. என் நேரம்.
கதவைத் தட்டிவிட்டு வந்தான்,
நான்கு வருடத்தில் முதல்முறை.
மேசையில் ஒரு சீட்டு வைத்தான்.
கீஸிங், இருபத்தெட்டு சதுர மீட்டர்,
நாளை பதினொரு மணி.
"நீ போ" என்றான். "நான் வரவில்லை."

விட்டுக்கொடுக்கிறானா, துரத்துகிறானா?
முதலில் படுக்கையறையில் யோசித்தேன்.
பிறகு துணிகளுக்கு நடுவே நின்று யோசித்தேன்.
இவ்வளவு பெரிய வீட்டில்
அதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டேன்.
கோப்பைத் தேடினேன்.
சமையலறை மேசையில் விட்டிருந்தேன்.
மணி ஏழு நாற்பது.
அவன் நேரம்.
நடைக்கூடத்தில் நின்றேன்.
உள்ளே முட்டை வேகும் சத்தம்,
ஒன்றா, இரண்டா,
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.